உறுமியும் பல்கலைக்கழகமும்

பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில், ஆங்கிலேய ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற ஹியூ லோவின் மாளிகைத் தோட்டத்தில் 1877ஆம் ஆண்டு இரப்பர்க் கன்றுகள் சில நடப்பட்டன. அதே ஆண்டில் அமெரிக்காவில் தாமஸ் எடிசன் மனிதக் குரலை மெல்லிய ஈயத்தாளில் பதித்து, பதித்த குரலை மீண்டும் ஒலிக்கச் செய்து காட்டினார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் ரேலி பிரபு எழுதிய ஒலிக் கோட்பாடு பற்றிய பெருநூலின் முதல் தொகுதி வெளிவந்தது. ஒன்றையொன்று அறியாத மூன்று நிகழ்ச்சிகள் இவை. எனினும், முதலாவது நிகழ்ச்சி பல்லாயிரம் தமிழர்களைக் கப்பலேற்றி இம்மண்ணில் இறக்கியது. மற்றவை இரண்டும், அத்தமிழர்கள் தம் தோளில் சுமந்து வந்த தோற்கருவிகளின் ஒலியை அளந்தறியும் கல்விக்கு வழி திறந்தன.

தோட்டப்புற வாழ்வு கண்ணால் வாழ்ந்ததைவிடக் காதால் வாழ்ந்ததே மிகுதி எனலாம். விடியுமுன் பெரட்டுக்கு அழைக்கும் மணி. பால்மரக் காட்டு இருளில் ஒரு நிரையிலிருந்து மறு நிரைக்குக் கொடுக்கும் குரல். ஆலையில் பால் உறைந்த தகட்டை அழுத்தும் உருளைகளின் இரைச்சல். மாரியம்மன் திருவிழாவில் உறுமி. சாவு வீட்டில் தப்பு. தப்பின் அடி மாறியதைக் கேட்டே, இறப்பா திருவிழாவா என்று தொலைவிலுள்ள லயத்துக்காரர் அறிந்துகொள்வர். தோலை நெருப்பில் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, ‘இன்னும் ஏறவில்லை’ என்று மீண்டும் காய்ச்சும் கலைஞனுக்கு எந்தப் பள்ளியும் அதைக் கற்பிக்கவில்லை. 1946இல் மலாயா வானொலி தொடங்கித் தமிழ் ஒலிபரப்பும் வந்தபின், பெட்டியிலிருந்து பேசும் குரல் இவ்வொலிகளோடு சேர்ந்துகொண்டது. பெட்டி பழுதானால் திறந்து பார்க்கும் இளைஞன் ஒருவன் பல தோட்டங்களில் இருந்தான். திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டியவனும் பெரும்பாலும் அவனே.

அந்த இளைஞனின் கல்வி எங்கே நின்றது என்பதே இவ்வரலாற்றின் உள்முள். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள தோட்டங்களில் பள்ளி வைக்கவேண்டும் என்று விதித்தது. பள்ளிகள் தோன்றின, ஆனால் அவை தொடக்கநிலையோடு முடிந்தன. நாடு விடுதலை பெற்ற பின்னரும், தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்றவர் புகுமுக வகுப்பு என்னும் இடைப்படியில் ஏறி வேற்று மொழியில் இடைநிலைக் கல்வியைத் தொடங்க வேண்டியிருந்தது. அந்தப் படியிலேயே வழுக்கி மீண்டும் பால்வாளியைத் தூக்கியவர் எத்தனையோ பேர். இடையில் தோட்டத் துண்டாடலும் வந்தது. அதனை எதிர்த்துத் தொழிலாளரின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கும் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் நிறுவிய துன் வீ. தி. சம்பந்தனார் இதே பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்து, சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அவருக்குக் கிட்டிய கடல்கடந்த கல்வி, பால்வெட்டுத் தொழிலாளியின் மகனுக்கு எட்டாக் கனியாகவே இருந்தது. ஆகவே, அவனைப் பொறுத்தவரை பல்கலைக்கழகம் என்பது பள்ளி முடித்தவுடன் நுழையும் இடமன்று. வேலை, குடும்பம், கடன் எல்லாவற்றையும் கண்டபின், முப்பதிலோ நாற்பதிலோ, திரும்பிச் சென்று தட்டவேண்டிய கதவு அது.

வேலைக்குச் சென்றபின் ஒலியைக் கற்கப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்புவது வீண் முயற்சி என்று எண்ணுவோர், ஒலியியலில் தமிழர் பெற்ற பெரும்புகழ் அத்தகைய திரும்புதலில் பிறந்தது என்பதை நினைவிற் கொள்ளல் நன்று. அந்நிகழ்ச்சி நடந்த இடம் கல்கத்தா; நாயகர் சந்திரசேகர வேங்கடராமன். சர் சி. வி. இராமன் என்றாலே ஒளியும் 1930இல் பெற்ற நோபெல் பரிசுமே நினைவுக்கு வருகின்றன. அவர் ஒலியில் தொடங்கியவர் என்பது பலரும் மறந்த செய்தி.

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் 1888இல் பிறந்த இராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் 1907ஆம் ஆண்டு முதுகலைப் பட்டம் பெற்றார். அறிவியலை நம்பி வயிறு வளர்க்க இயலாத காலம் அது. நிதித்துறைத் தேர்வெழுதி, அதே ஆண்டில் கல்கத்தாவில் துணைக் கணக்காய்வுத் தலைவராக அமர்ந்தார். நல்ல ஊதியம், அரசாங்க மதிப்பு, ஓய்வூதிய உறுதி எல்லாம் இருந்தன. ஆயினும், பவுபஜார் தெரு 210ஆம் எண் கட்டடத்தில், மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் ஆளரவமின்றிக் கிடப்பதைக் கண்டு உள்ளே நுழைந்தார். விடியற்காலையில் ஆய்வுக்கூடம், பகலில் அலுவலகம், மாலையில் மீண்டும் ஆய்வுக்கூடம் என்று பத்தாண்டுகள் கழிந்தன. 1909இல் இரங்கூனுக்கும் பின் நாக்பூருக்கும் மாற்றப்பட்டபோதுகூட ஆய்வு நிற்கவில்லை. அவர் முதலில் எடுத்துக்கொண்ட பொருள்களுள் ஒன்று, வங்காளப் பாடகர் மீட்டும் ஏக்தாரா என்னும் ஒற்றைத் தந்தி. சுரைக்குடுக்கையும் மூங்கிலும் கொண்டு செய்யும் அக்கருவியில் பார்க்க என்ன இருக்கிறது என்று அலுவலக நண்பர் எவரேனும் நகைத்திருந்தால் வியப்பில்லை.

1917ஆம் ஆண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பதவி அவருக்குக் கிட்டியது. வழக்கறிஞர் தாரகநாத பாலித் அளித்த கொடையில் உருவான பதவி அது. ஊதியம் அரசாங்க வேலையில் கிடைத்ததில் ஏறத்தாழப் பாதியே. அப்பதவிக்கு வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. பயிற்சிக்கென்று இங்கிலாந்து செல்ல இராமன் உடன்படவில்லை. ஆசுதோஷ் முகர்ஜியின் பெருமுயற்சியால் அந்நிபந்தனை தளர்ந்தது. கணக்கேட்டை மூடிவிட்டு, இருபத்தெட்டு வயதில் இராமன் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். மறு ஆண்டே, வில்லால் இழைக்கப்படும் தந்தி எவ்வாறு அதிர்கிறது என்பது பற்றிய அவரது பேராய்வு வெளிவந்தது. 1927இல் ஜெர்மானியர் வெளியிட்ட இயற்பியல் களஞ்சியத்தில் இசைக்கருவிகள் பற்றிய பகுதியை எழுதும் பொறுப்பு இவரிடமே ஒப்படைக்கப்பட்டது.

தோற்கருவிகளை இராமன் ஆராய்ந்தது தமிழர் தனியே அறியவேண்டிய பகுதி. இழுத்துக் கட்டிய தோலை அடித்தால் எழும் ஒலி இசையன்று, இரைச்சலே என்பது மேனாட்டு ஒலியியலார் கண்ட முடிவு. அதற்குக் கணக்கும் உண்டு. தந்தியின் அடிப்படை அதிர்வை ஒன்று என்று கொண்டால், அதன் மேலெழும் ஒலிகள் இரண்டு, மூன்று, நான்கு என முழு மடங்குகளாய் அமைகின்றன. அதனால்தான் காதுக்கு இனிக்கின்றன. வட்டத் தோலிலோ அவை 1.59, 2.14, 2.30, 2.65 என்று ஒழுங்கின்றிச் சிதறுகின்றன. ஆனால் மிருதங்கத்தின் வலந்தலை அந்த விதியை மீறிச் சுருதி பேசுகிறது. சிவகாளி குமார் என்பவரோடு இணைந்து 1920இல் ‘நேச்சர்’ இதழில் இராமன் இதனை உலகுக்கு அறிவித்தார். 1934இல் விரிவான கட்டுரையொன்றும் எழுதினார். தோலின்மீது நுண்மணலைத் தூவித் தட்டி, மணல் ஒதுங்கும் கோடுகளைக்கொண்டு அதிர்வின் வடிவங்களை அவர் கண்டார். நடுவில் அப்பிய கருநிறக் கரணையின் எடையால், சிதறவேண்டிய ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்து சுரங்களாய்க் கூடி, ஒன்று முதல் ஐந்து வரையிலான முழு மடங்குகளில் நிற்கின்றன என்பதே அவரது கண்டுபிடிப்பு.

கரணை என்பது என்ன? கிட்டான் கல்லைப் பொடித்து, சோற்றோடு பிசைந்து, அடுக்கடுக்காய்த் தேய்த்து ஏற்றிய பூச்சு. ஒவ்வோர் அடுக்கையும் கல்லால் தேய்த்து, தட்டிக் கேட்டு, அடுத்ததை ஏற்றுபவர் மிருதங்கம் கட்டும் தொழிலாளி. மேடையில் வாசிப்பவர் பெயர் அழைப்பிதழில் அச்சாகும். கட்டியவர் பெயர் அச்சாவதில்லை. தோலைத் தொடும் தொழில் என்பதால் சமூகம் அவரைத் திண்ணைக்கு அப்பாலேயே நிறுத்திவைத்தது. அவர்களின் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா நூலாக எழுதி வெளியிட்டது 2020ஆம் ஆண்டில்தான். இராமன் கணக்கிட்டு நிறுவியதை அவர்கள் பல தலைமுறைகளாகக் காதால் கேட்டுச் செய்துவந்தனர். இயற்பியல் இங்கே ஆசான் இருக்கையில் அமரவில்லை; மாணவன் இடத்தில் அமர்ந்தது.

மிருதங்கம் கச்சேரி மேடைக்கு உரியது. தோட்டப்புறத்தின் கருவி உறுமி. அதன் ஒரு தலையைக் குச்சியால் அடிப்பர். மறு தலையின்மேல் வளைந்த குச்சியை அழுத்தி உரசுவர். உரசும்போது குச்சி தோலை ஒரு கணம் பற்றிக்கொண்டு இழுக்கிறது, மறுகணம் வழுக்கி விடுகிறது, மீண்டும் பற்றுகிறது. இந்தப் பற்றும் வழுக்கலும் நொடிக்குப் பலமுறை நிகழ்வதால் பிறப்பதே, கேட்டவர் உடல் சிலிர்க்கும் அந்த உறுமல். பிடிலின் வில் தந்தியை ஒலிக்கச் செய்வதும் இதே பற்றலாலும் வழுக்கலாலும்தான். 1918இல் இராமன் ஆராய்ந்த அதிர்வு எந்த உராய்விலிருந்து எழுகிறதோ, அதே உராய்வை ஈப்போ புந்தோங்கில் தைப்பூச ஊர்வலத்தின் முன்னே செல்லும் உறுமிக்காரன் தன் கையில் ஆள்கிறான். அழுத்தம் கூடினால் குரல் எப்படி மாறும், வேகம் குறைந்தால் எங்கே தேயும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரிந்ததை எழுதும் மொழி ஒன்றுதான் அவனிடம் இல்லை. மேடைக் கருவிகளுக்குக் கிட்டிய ஆய்வுக் கவனத்தில் சிறுபகுதியேனும் உறுமிக்கும் தப்புக்கும் கிட்டியதென்று சொல்வதற்கில்லை. இசையின் தரத்தைக்கொண்டு மட்டும் இந்த வேறுபாடு ஏற்பட்டது என்று கொள்வது கடினம். வாசிப்பவர் யார் என்பதும் இதில் கலந்திருக்கிறது.

இராமனின் ஆய்வுக்கூடத்தில் ஆசுதோஷ் தே என்றொருவர் இருந்தார். கதவைத் திறப்பது முதல் கருவிகளை அமைப்பது வரை எல்லாம் அவர் பணி. பல்கலைக்கழக வாசலை மிதித்தறியாதவர். அவர் இராமனோடு இணைந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்; தம் பெயரில் தனியாக எழுதிய ஒன்று இலண்டன் அரச கழகத்தின் ஏட்டிலேயே இடம்பெற்றது. வாழ்நாள் முழுதும் உதவியாளராகவே நின்றிருக்கக்கூடிய அவருக்கு, அருகில் நின்று கற்பிக்க ஒருவர் வாய்த்தார். எல்லா ஊரிலும் இராமன்கள் இருப்பதில்லை.

1921இல் இங்கிலாந்து சென்ற இராமன், இலண்டன் தூய பவுல் பேராலயத்தின் வட்ட மாடத்தில் மெல்லிய பேச்சும் சுவரோடு ஓடி மறுபுறம் கேட்பதை ஆராய்ந்தார். ஆனால் அதே பயணத்தில் கடலின் நீலம் அவர் கருத்தை ஒளியின்பால் ஈர்த்துவிட்டது. அவர் விட்ட இழையைப் பெங்களூரில் பிறர் எடுத்தனர். இந்திய அறிவியல் கழகத்தில் ஒலியியலை வளர்த்த பி. எஸ். இராமகிருஷ்ணா, தம் மாணவர் மன்மோகன் சோந்தியுடன் சேர்ந்து, நடுவில் கனத்த தோலின் அதிர்வைக் கணித முறையில் விளக்கி 1954இல் அமெரிக்க ஒலியியல் இதழில் வெளியிட்டார். தோற்கருவியில் தொடங்கிய சோந்தி பின்னர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். தொலைபேசியில் பேசுபவரின் குரலே எதிரொலித்து அவர் காதை வந்தடையும் தொல்லையை நீக்கும் முறையை அங்கு உருவாக்கியவர்களுள் அவர் முன்னோடி. அதே பெங்களூர்க் கழகத்தில் ஒலியியல் விரிவுரையாளராக இருந்த பிஷ்ணு அட்டல் 1961இல் பெல் ஆய்வுக்கூடத்துக்குச் சென்றார். அங்கே வேலை செய்துகொண்டே, முப்பது வயதைத் தாண்டியபின், புரூக்ளின் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவராகி 1968இல் முனைவர் பட்டம் பெற்றார். இன்றைய கைத்தொலைபேசிக் குரலுக்கு அடித்தளமிட்ட முறைகளுள் ஒன்று அவர் வகுத்தது.

அந்த முறையைத் தோட்டத்துக் கிராணியைக்கொண்டு விளக்கலாம். ஒரு தொழிலாளி நாள்தோறும் எவ்வளவு பால் கொண்டுவருவார் என்பது பழகிய கிராணிக்குத் தெரியும். சென்ற சில நாள்களின் எடையிலிருந்து இன்றைய எடையை அவர் ஊகித்துவிடுவார். ஊகத்துக்கும் தராசுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் குறித்தாலே கணக்குச் சரியாகும். குரலும் அவ்வாறே. தொலைபேசிக் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து எண்களாக்குகின்றனர். முந்திய சில எண்களைக்கொண்டு அடுத்த எண்ணை ஊகித்து, ஊகிக்கும் விதியையும் பிழையையும் மட்டும் அனுப்பினால் போதும். இசைக்கு இந்த அளவு போதாது. 1982இல் வந்த குறுந்தட்டில் நொடிக்கு 44,100 முறை அளந்தனர். இப்படி ஒலியை எண்ணாக்கி, எண்ணைக் கணக்கிட்டு, மீண்டும் ஒலியாக்கும் துறையே ஒலிக் குறிகைச் செயலாக்கம் எனப்படுகிறது. எந்தச் சிக்கலான அலையையும் எளிய அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்ற ஃபூரியேயின் கணிதம் 1822இல் நூலாயிற்று. அதனைக் கணிப்பொறியில் விரைந்து செய்யும் வழியைக் கூலியும் டுகியும் 1965இல் வெளியிட்டனர். இராமன் மணல் தூவிக் கண்டதை இன்று ஒரு மடிக்கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் வரைந்து காட்டும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் ஹேமா மூர்த்தியின் குழுவினர், மிருதங்கச் சொற்களைக் கணிப்பொறி தானே கேட்டு இனங்காணும் ஆய்வுகளைச் செய்துள்ளனர்.

இக்கல்விக்கான கதவுகள் பேராக்கில் மெல்லத்தான் திறந்தன. நாட்டின் முதல் பல்தொழில்நுட்பக் கல்லூரியான உங்கு ஓமார் 1969இல் ஈப்போவில் தோன்றியது. அதே ஆண்டில் பினாங்கில் உருவான அறிவியல் பல்கலைக்கழகம், வேலையை விடாமலேயே பட்டம் பயிலும் தொலைக்கல்வியை 1971இல் தொடங்கியது. பகலில் பாடம் நடத்தி இரவில் பாடம் படித்த ஆசிரியர் பலருக்கு அதுவே இரண்டாம் வாசல். செரி இஸ்கந்தாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1997இல் எழுந்தது. பழைய ஈயவயல் நகரான கம்பாரில் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகத்தின் வளாகம் 2007இல் திறந்தது. 2000இல் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2006இல் வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நிறுவப்பட்டபின், பணியில் கழிந்த ஆண்டுகளையும் ஒரு தகுதியாக எண்ணும் வழக்கம் வேரூன்றலாயிற்று. இந்த வாசல்கள் திறந்த ஆண்டுகளிலேயே தோட்டங்கள் மூடப்பட்டு வந்தன என்பது காலத்தின் கோணல். இரப்பர் செம்பனையாயிற்று; பல இடங்களில் செம்பனையும் வீடமைப்புப் பகுதியாயிற்று. லயத்து மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளில் குடியேறினர். உறுமியை அங்கே ஓங்கி அடித்தால் அடுத்த வீட்டார் கதவைத் தட்டுவர்.

அகவை முதிர்ந்து திரும்பும் மாணவனை முதலில் அச்சுறுத்துவது கணிதமே. சைன், கொசைன் என்று இருபதாண்டுக்கு முன் கைவிட்டவை மீண்டும் எதிரே வந்து நிற்கும். பாடமொழி வேறு, உடன் பயில்வோர் தம் பிள்ளைகளின் வயதினர். எனினும் ஒன்றில் அவன் முந்தி நிற்கிறான். ஒலிபெருக்கி ஊளையிடும்போது எந்தத் திருகைக் குறைக்கவேண்டும் என்பது அவன் விரலுக்குத் தெரியும். வெளியேறிய ஒலி ஒலிவாங்கியில் மீண்டும் புகுந்து பெருகுவதே அந்த ஊளை என்று விரிவுரையாளர் கரும்பலகையில் எழுதும்போது, மற்றவர்க்கு அது சூத்திரம். அவனுக்கோ, மாரியம்மன் திருவிழாவில் நூறு முறை பட்டறிந்த தொல்லையின் பெயர். காது முன்னே சென்றிருக்க, கணிதம் பின்னால் வந்து சேர்கிறது. கணக்கு அலுவலரான இராமனும் தந்தியின் முன் ஏறத்தாழ இந்த நிலையில்தான் இருந்தார். அவருக்குக் கணிதமும் முன்பே கைவந்திருந்தது என்பது வேறுபாடு.

ஈப்போவைச் சூழ்ந்த சுண்ணாம்புக்கல் மலைகள் இத்துறை மாணவனுக்கு ஓர் ஆய்வுக்கூடம். தைப்பூச ஊர்வலம் சென்றடையும் கல்லுமலை முருகன் ஆலயத்தருகே பாறைச் சுவரில் மோதித் திரும்பும் உறுமி ஒலி, திறந்தவெளியில் கேட்கும் ஒலியிலிருந்து வேறானது. அந்த வேறுபாட்டை அளக்கும் முறை மிக எளிது. குகையில் ஒரே ஒரு முறை கைதட்டி, அது தேய்ந்து மறையும்வரை பதிவுசெய்துகொண்டால், அவ்விடத்தின் எதிரொலி முழுவதும் அச்சிறு பதிவில் அடங்கிவிடும். பின்னர் வேறெங்கோ பதிந்த தப்பின் ஒலியையும் கணக்கின் வழியே அக்குகைக்குள் ஒலித்ததுபோல் கேட்கச் செய்யலாம். பேராக்கின் மலைகள் சில, சுண்ணாம்புக்காக வெட்டப்பட்டு வருகின்றன. தகரக் கூரையும் பலகைச் சுவருமாய் நின்ற தோட்டத்துக் கோவில்களில் பலவற்றின் இடத்தில் இன்று சாலைகளும் வீடுகளும் உள்ளன. அங்கே உறுமி எப்படி ஒலித்தது என்பது, அதைக் கேட்ட முதியோர் சிலரின் காதில் மட்டுமே இருக்கிறது.